திசுப்பசையும் தையலும்

திசுப்பசை என்பது வெட்டுப்பட்ட அல்லது கிழிந்த தோலின் விளிம்புகளை ஊசி நூல் இல்லாமல் ஒட்டிப் பிடித்து வைக்கும் மருத்துவப் பசை. இன்று தோல்காயங்களுக்குப் பயன்படுவது பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்த திரவம். பூசிய இரண்டு மூன்று நிமிடங்களில் அது இறுகிப் படலமாகும். ஐந்து முதல் பத்து நாள்களில் தானாகவே உரிந்து விழும். தையலுக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. இந்தப் பசை மருத்துவத்துக்குள் வந்து அறுபது எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. இரண்டில் எது மேல் என்ற கேள்விக்குக் காயத்தைப் பார்க்காமல் விடை சொல்ல இயலாது. காயம் உடலில் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, விளிம்புகளை எவ்வளவு விசை இழுக்கிறது என்பவைதான் விடையை முடிவு செய்கின்றன.

காயம் மூடும் விதம்

தோல் எப்போதும் ஓரளவு இழுபட்ட நிலையிலேயே உடலைப் போர்த்தியிருக்கிறது. வெட்டு விழுந்ததும் விளிம்புகள் விலகி வாய் பிளப்பது அதனால்தான். விலகியவற்றை நெருக்கமாகச் சேர்த்து வைத்தால் மேல்தோலின் செல்கள் இருபுறமும் நகர்ந்து ஓரிரு நாளில் இடைவெளியை மூடிவிடும். அடியில் உள்ள மெய்த்தோல் அவ்வளவு விரைவாகப் பலம் பெறாது. அங்கே புதிய கொலாஜன் இழைகள் உருவாகி ஒன்றோடொன்று பிணைய வேண்டும். முதல் வார முடிவில் காயத்தின் உறுதி பழைய தோலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மூன்று மாதங்களில் அது 70 முதல் 80 விழுக்காட்டை எட்டி நின்றுவிடும். முழு உறுதி திரும்புவதே இல்லை.

காயத்தை ஆற்றுவது உடல். நூலுக்கும் பசைக்கும் உள்ள வேலை, உடல் அதைச் செய்து முடிக்கும்வரை விளிம்புகளை அசையாமல் காப்பது. தையல் இந்தப் பிடிப்பை மெய்த்தோலின் உள்ளிருந்து தருகிறது. பசையோ மேல்தோலின் இறந்த செல்லடுக்கைப் பற்றிக்கொண்டு மேலிருந்து தருகிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகள் அனைத்தும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பழங்காலத்தில்

எகிப்தில் கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுருளில் 48 நோயாளிகளின் நிலை வரிசையாக விவரிக்கப்படுகிறது. அவற்றுள் பத்தாவது, புருவத்தின் மேல் எலும்புவரை இறங்கிய காயம். அதைத் தைக்க வேண்டும் என்கிறது சுருள். தையல் தளர்ந்துபோனால் ஒட்டுத்துணிப் பட்டைகள் இரண்டால் விளிம்புகளை இழுத்துச் சேர்த்து, குணமாகும்வரை நாள்தோறும் கொழுப்பும் தேனும் இட்டுவர வேண்டும் என்கிறது. ஒரே காயத்துக்கு முதலில் நூலையும் பிறகு ஒட்டையும் சொல்லும் மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று.

இந்தியாவின் சுஸ்ருத சம்ஹிதை தையலை இன்னும் விரிவாகப் பேசுகிறது. சதை குறைந்த இடங்களுக்கும் மூட்டுகளுக்கும் இரண்டு விரற்கடை நீளத்தில் உருண்டை ஊசி, சதைப்பற்றான இடங்களுக்கு மூன்று விரற்கடை நீளத்தில் முப்பட்டை ஊசி, வயிறு போன்ற இடங்களுக்கு வில்லாக வளைந்த ஊசி என்று ஊசிகளை அது இடத்துக்கேற்பப் பிரிக்கிறது. நார், சணல், தசைநாண், முடி ஆகியவை நூலாகின்றன. குத்தும் இடம் விளிம்பிலிருந்து மிகத் தள்ளியும் இருக்கக் கூடாது, மிக ஒட்டியும் இருக்கக் கூடாது; தள்ளிப் போட்டால் வலிக்கும், ஒட்டிப் போட்டால் விளிம்பு பிய்ந்துவிடும் என்ற எச்சரிக்கையை இன்றைய பயிற்சி மருத்துவருக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கலாம். உள்ளே அந்நியப்பொருள் தங்கிய காயத்தைச் சுத்தம் செய்யாமல் தைக்கக் கூடாது என்றும் சம்ஹிதை விலக்குகிறது. கிழிந்த குடலின் விளிம்புகளைப் பெரிய கருப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு இணைத்து, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிடும் முறையும் இதில் உண்டு.

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் படை அறுவை மருத்துவர் அம்புவாஸ் பாரே முகக்காயங்களுக்கு 'உலர்தையல்' என்ற முறையைக் கையாண்டார். காயத்தின் இருபுறமும் ஒரு விரல் அளவு தள்ளி, முகத்தின் வளைவுக்கேற்ப வெட்டிய துணித் துண்டுகள் ஒட்டப்படும். முட்டை வெண்கரு, பிசின், மாவு ஆகியவை சேர்ந்த கலவையே பசை. அது நன்றாகக் காய்ந்த பிறகு ஊசி தோலைத் தொடாது. இரண்டு துணிகளின் ஓரங்களை மட்டும் தைத்து இழுத்தால் அடியிலுள்ள விளிம்புகள் நெருங்கி வந்து சேரும். முகத்தில் ஊசித்தடம் விழக் கூடாது என்பதுதான் பாரேயின் நோக்கம். பின்னாளில் சயனோஅக்ரிலேட் பசை முதலில் நிலைபெற்றதும் முகக்காயங்களில்தான் என்பதால், இந்தப் பழைய முறையை அதன் முன்னோடியாகக் கொள்வதில் தவறில்லை.

தையலின் வளர்ச்சி

பல நூற்றாண்டுகளாகத் தையலின் பெரிய எதிரி சீழ். நூலோடும் ஊசியோடும் கைகளோடும் கிருமிகள் காயத்துக்குள் போயின. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1867இல் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைத் தூய்மைப்படுத்தும் முறையை வெளியிட்டார்; பின்னர் ஆடு மாடுகளின் குடலிலிருந்து செய்யப்படும் கேட்கட் நூலையும் அந்த அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தினார். தைத்த காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவது வழக்கமானது அதன் பிறகுதான்.

இருபதாம் நூற்றாண்டில் நைலான் வந்தது. 1970களில் பாலிகிளைகாலிக் அமிலம் போன்ற, உடலுக்குள் தானே கரையும் செயற்கை நூல்கள் வந்தன. ஊசியின் காதில் நூல் கோக்கும் பழக்கம் போய், ஊசியின் பின்முனையிலேயே நூல் பொருத்தப்பட்டு நுண்ணுயிர் நீக்கிய உறையில் வரலாயிற்று. மாட்டுப் பைத்தியநோய் அச்சத்துக்குப் பின் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கேட்கட் கைவிடப்பட்டது.

இத்தனை முன்னேற்றத்துக்குப் பிறகும் தையலுக்கு மூன்று குறைகள் எஞ்சின. முதலில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட வேண்டும். குழந்தைக்கு அதுவே பெரிய கொடுமை. பிறகு தையல் பிரிக்க மறுபடி வர வேண்டும்: முகத்துக்கு ஏறத்தாழ ஐந்து நாளில், கை கால்களுக்குப் பத்து முதல் பதினான்கு நாளில். இறுக்கிப் போட்டாலோ பிரிக்கத் தாமதித்தாலோ, ஊசி போன வழியெல்லாம் மேல்தோல் உள்ளிறங்கி, தழும்புக்குக் குறுக்கே ஏணிப்படிகளாகக் கோடுகள் நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்பது மூன்றாவது.

இரத்தத்திலிருந்து ஒரு பசை

உடலுக்குச் சொந்தமாகவே ஒரு பசை உண்டு. இரத்தம் உறையும்போது ஃபைப்ரினோஜென் என்ற புரதம் த்ராம்பின் என்ற நொதியால் ஃபைப்ரின் வலையாக மாறுகிறது. 1909இல் பெர்கெல் என்பவர் ஃபைப்ரின் பொடியை இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுத்தினார். 1940இல் ஜே. இசட். யங்கும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவரும் அறுந்த நரம்புகளை இரத்த நீர்மத்தால் ஒட்டினர். 1944இல் க்ரான்கைட்டும் டிட்ரிக்கும் ஃபைப்ரினோஜெனையும் த்ராம்பினையும் சேர்த்துத் தோல் ஒட்டுகளை நிலைநிறுத்தினர். பலருடைய இரத்தத்தைக் கலந்து எடுத்த ஃபைப்ரினோஜென் வழியாகக் கல்லீரல் அழற்சி பரவியதால், 1978இல் அமெரிக்கா அதற்கான உரிமத்தை ரத்து செய்தது. வைரஸ் நீக்கும் முறைகள் மேம்பட்ட பிறகு 1998இல் அங்கே ஃபைப்ரின் பசைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இரத்தக் கசிவை அடைக்கவும் தோல் ஒட்டுகளைப் பிடித்துவைக்கவும் இது சிறந்தது. ஆனால் தோலின் இழுவிசையைத் தனியாகத் தாங்கும் பலம் இதற்கில்லை.

சயனோஅக்ரிலேட்

1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தது. சயனோஅக்ரிலேட் தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு பிரிய மறுத்ததால் அது ஒதுக்கப்பட்டது. 1951இல் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட்டில், ஜெட் விமானங்களின் கண்ணாடிக் கூடுகளுக்கு வெப்பம் தாங்கும் பொருள் தேடும் பணியில் அது மறுபடி மேசைக்கு வந்தது. சகாவான ஃப்ரெட் ஜாய்னர், எத்தில் சயனோஅக்ரிலேட்டின் ஒளிவிலகலை அளக்க, அதில் ஒரு துளியை அளவுக்கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே விட்டார். விலை உயர்ந்த அந்தப் பட்டகங்கள் பிறகு பிரியவே இல்லை. வெப்பமும் அழுத்தமும் இல்லாமல் நொடிகளில் ஒட்டும் பொருள் தம் கையில் இருக்கிறது என்பதை கூவர் இந்த முறை புரிந்துகொண்டார். 1958இல் 'ஈஸ்ட்மன் 910' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது.

சயனோஅக்ரிலேட் மூலக்கூறில் உள்ள சயனோ தொகுதியும் எஸ்டர் தொகுதியும் எலக்ட்ரான்களைத் தம்பக்கம் இழுக்கின்றன. அதனால் மிக மெல்லிய காரம் தொட்டாலும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கத் தொடங்கும். தோலின் மேலுள்ள ஈரப்பதமே அதற்குப் போதும். இந்த வினையில் வெப்பம் வெளிப்படுவதால், தடிமனாகப் பூசினால் தோல் சுடும். மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும் என்ற விதி இங்கிருந்து வந்தது.

1966இல் வியட்நாம் போரில் அமெரிக்கப் படை மருத்துவர்கள் இதைத் தெளிப்பானாக்கி, வயிற்றிலும் மார்பிலும் காயம்பட்டுக் கட்டுக்கடங்காமல் இரத்தம் போன வீரர்கள்மேல் அடித்தனர். மருத்துவமனை சேரும்வரை உயிரைப் பிடித்துவைக்க அது உதவியது. அவசரத்தில் உதவியது என்பதாலேயே அது பாதுகாப்பான மருந்தாகிவிடவில்லை. மீத்தைல் போன்ற குட்டைச் சங்கிலி வகைகள் திசுவுக்குள் விரைவாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடாகவும் சயனோஅசிடேட்டாகவும் மாறுகின்றன. சுற்றியுள்ள திசு வீங்கிப் புண்ணாகிறது. சங்கிலி நீளநீளச் சிதைவு மெதுவாகும், நச்சும் குறையும். எனவே ஆய்வு நான்கு கார்பன் கொண்ட பியூட்டைல் வகைக்கும், அடுத்து எட்டு கார்பன் கொண்ட ஆக்டைல் வகைக்கும் நகர்ந்தது.

'ஹிஸ்டோஅக்ரில்' என்ற பெயரில் ஜெர்மனியில் தயாரான பியூட்டைல் பசை ஐரோப்பாவிலும் கனடாவிலும் பல ஆண்டுகள் புழங்கியது. அது விரைந்து இறுகும், ஆனால் மொறமொறப்பானது. தோல் மடியும் இடங்களில் வெடித்துவிடும். ஆக்டைல் வகை வளைந்துகொடுக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998 ஆகஸ்டில் 'டெர்மாபாண்ட்' என்ற ஆக்டைல் பசைக்கு அனுமதி தந்ததும், பசை அவசரப்பிரிவுகளின் வழக்கமான பொருள்களில் ஒன்றாயிற்று.

பூசும் முறை

காயத்தை முதலில் நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும். மண், கண்ணாடித் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தையல் போடப்போவதில்லை என்பதால் இந்தப் படியைச் சுருக்கிக்கொள்வது மிகத் தவறான பழக்கம். கழுவாமல் ஒட்டினால், பசை கிருமிகளை உள்ளே வைத்து மூடி முத்திரை இட்டதாகிவிடும். தேவைப்பட்டால் தையல் காயத்தைப் போலவே டெட்டனஸ் தடுப்பூசியும் உண்டு.

அடுத்து இரத்தக் கசிவு நிற்க வேண்டும். இரத்தம் சேர்ந்தால் பசை காயத்தின்மேல் இறுகாமல் இரத்தத்தோடு இறுகும். தோலை ஒற்றி உலர்த்திய பிறகு, விளிம்புகளை விரல்களாலோ இடுக்கியாலோ சற்று மேல்தூக்கிய நிலையில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும் சிறு கண்ணாடிக் குப்பியை அழுத்தி உடைத்தால், நுனியிலுள்ள பஞ்சு ஊதாநிறத் திரவத்தில் நனையும். அதை மூடிய விளிம்பின் மேலும் இருபுறமும் சிறிது அகலமாகத் தடவி, அரை நிமிடம் விட்டு இன்னொரு அடுக்கு, பிறகு இன்னொன்று எனப் பூசுவார்கள். கடைசி அடுக்குக்குப் பின்னும் ஒரு நிமிடம்போல விளிம்புகளைப் பிடித்தே இருக்க வேண்டும். பசை பிளவுக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் விளிம்புகளுக்கு நடுவே சுவராக நின்று ஆறுவதைத் தடுக்கும்.

புருவம், நெற்றிக் காயங்களில் பசை கண்ணுக்குள் வழியாதிருக்க, வழியும் திசையில் வாசலின் களிம்பால் கரை கட்டி, தலையைச் சாய்த்து வைப்பார்கள். தவறி இமைகள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல் கண் களிம்பிட்டுத் தளர விட வேண்டும். இத்தகைய களிம்பை மூடிய காயத்தின்மேல் தடவினால் படலம் நெகிழ்ந்து கழன்றுவிடும். வீட்டுக்குப் போனபின் பலர் செய்யும் தவறு இது: காயத்துக்கு ஏதாவது களிம்பு போட்டால்தான் ஆறும் என்ற எண்ணத்தில் தடவிவிடுகிறார்கள். மேலோட்டமாகக் குளிக்கலாம், தேய்ப்பதும் நீரில் ஊறவிடுவதும் ஆகாது.

ஆய்வுகள் சொல்வது

கனடாவின் ஜேம்ஸ் குவின் குழு 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. 130 நோயாளிகளின் 136 கிழிசல்காயங்கள் குலுக்கல் முறையில் ஆக்டைல் பசைக்கும் தையலுக்கும் பிரிக்கப்பட்டன. மூடுவதற்கு ஆன நேரம் பசைக்கு 3.6 நிமிடம், தையலுக்கு 12.4 நிமிடம். பசை இட்டவர்கள் உணர்ந்த வலியும் குறைவு. மூன்று மாதங்கள் கழித்து எடுத்த தழும்புப் படங்களில், எந்தக் காயம் எந்த முறையில் மூடப்பட்டது என்று சொல்லாமலே மதிப்பிடச் செய்தபோது வேறுபாடு தெரியவில்லை. ஓராண்டு கழித்தும் நிலை அதுவே.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வுகள் இந்தப் படத்தின் மறுபக்கத்தையும் காட்டின. அடிபட்ட காயங்களைப் பற்றிய 2002ஆம் ஆண்டு மதிப்பாய்வில் தழும்பின் அழகு சமமாகவும், வலியும் நேரமும் பசைக்குச் சாதகமாகவும் இருந்தன. ஆனால் காயம் மறுபடி விரிவது பசையில் சற்றுக் கூடுதல், ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர் என்ற அளவில். அறுவைச் சிகிச்சைக் கீறல்களைப் பற்றிய 2014 மதிப்பாய்விலும் முடிவு இதுவே: 43 பேருக்குத் தையலுக்குப் பதிலாகப் பசை இட்டால் ஒருவருக்குக் கூடுதலாகக் காயம் விரியும். கிருமித் தொற்றில் தெளிவான வேறுபாடு இல்லை. முகத்தில் சிறு கீறலோடு வரும் குழந்தைக்கு இந்த இடர் ஏற்கத்தக்கது. முழங்காலில் கிழிந்து வரும் உழைப்பாளிக்கு அப்படியல்ல.

ஒரு நைலான் நூலைவிடப் பசைக்குப்பியின் விலை பல மடங்கு. மரத்துப்போகச் செய்யும் மருந்து, தையல் கருவிகள், தையல் பிரிக்க மறுமுறை வரும் செலவு ஆகியவற்றையும் கணக்கிட்டு, கனடாவில் 1995இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகளின் முகக்காயங்களில் பசையே மலிவு என்று கண்டது. மறுவருகைச் செலவை மருத்துவமனை ஏற்காமல் நோயாளி ஏற்கும் இடங்களில் இந்தக் கணக்கு மருத்துவமனையின் ஏட்டில் தெரியாது.

பசை ஆகாத இடங்கள்

மூட்டுகள் மடங்கி நிமிரும்போது படலம் தாங்காது. உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவை ஓயாமல் ஈரமும் உராய்வும் படுபவை. வாயின் உட்புறம் போன்ற ஈரச்சவ்வில் பசை நிற்காது. உதட்டின் நிறக்கோடு ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் சேர வேண்டியிருப்பதால் அங்கே ஊசியே வேண்டும். நாய்க்கடி போன்ற விலங்குக்கடியும் சீழ் பிடித்த காயமும் பசையால் மூடத் தகாதவை. சயனோஅக்ரிலேட்டுக்கோ ஃபார்மால்டிஹைடுக்கோ ஒவ்வாமை உள்ளவருக்கு இதைத் தவிர்க்க வேண்டும். செயற்கை நகப் பசைகளின் வழியாக முன்பே ஒவ்வாமை பெற்றவர்களுக்கு அறுவைக்கீறலின்மேல் அரிப்பும் கொப்புளமும் வருவது தோல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ள ஒன்று.

ஆழமான காயம் தனி வகை. பசை பத்து நாளில் உரிந்துவிடும். மெய்த்தோல் அப்போது மிகப் பலவீனமாகவே இருக்கும். ஆகவே அடியடுக்கில் கரையும் நூலால் தைத்து இழுவிசையை அங்கே இறக்கிவைத்து, மேற்பரப்பை மட்டும் பசையால் மூடுவது இன்று பரவலான முறை. பசையும் தையலும் ஒன்றையொன்று விரட்டுவதற்கு மாறாக ஒரே காயத்தில் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தலைக்காயத்துக்கு சிங்கப்பூர் மருத்துவர்கள் 2002இல் இன்னொரு வழியை வெளியிட்டனர்: காயத்தின் இருபுறமும் உள்ள முடியைச் சிறு கற்றைகளாக எடுத்து, ஒரு முறை முறுக்கி, முறுக்கின்மேல் ஒரு துளி பசை இடுவது. முடியை மழிக்க வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

கடைப்பசை மருந்தாகாது

வீடுகளில் பொருள் ஒட்டப் பயன்படும் உடனடிப் பசையும் சயனோஅக்ரிலேட்தான். பெயர் ஒன்று என்பதால் பயன் ஒன்றாகிவிடாது. கடைப்பசை மீத்தைல் அல்லது எத்தில் வகை, நுண்ணுயிர் நீக்கப்படாதது, இறுகும்போது சூடு அதிகம், திசுவில் நச்சு விடும். 2025 தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சிறுவன் ஒருவனின் கன்னக்காயத்தைக் கடைப்பசையால் ஒட்டிய செவிலியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தையல் தழும்பாகிவிடும் என்ற அச்சம் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்குரிய மருந்து, மருத்துவப் பசையைச் சிறிய சுகாதார நிலையங்களுக்கும் கிடைக்கச் செய்வதே.

தோலுக்கு அப்பால்

1986இல் ஜெர்மனியின் நிப் சோஹேந்திராவின் குழு, இரைப்பையில் புடைத்துக் கசியும் சிரைகளுக்குள் பியூட்டைல் பசையைச் செலுத்தி இரத்தப்போக்கை நிறுத்தியது. எண்டோஸ்கோப்பி நிபுணர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். கருவிழியில் விழும் சிறு துளைகளை அடைக்கவும் சயனோஅக்ரிலேட் உதவுகிறது. சென்னையில் கண் மருத்துவர் அமர் அகர்வால் 2007இல், தாங்கும் உறை இல்லாத கண்ணுக்குள் செயற்கை வில்லையை ஃபைப்ரின் பசையின் துணையோடு தையல் இல்லாமல் நிலைநிறுத்தும் முறையைத் தொடங்கினார்; அது உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

சயனோஅக்ரிலேட்டின் அடிப்படைக் குறை, இரத்தம் வழியும் ஈரமான பரப்பில் அது சரியாகப் பற்றாதது. கடலலை அடிக்கும் பாறையில் ஒட்டி வாழும் சிப்பிகளின் புரதங்களும், ஒருவகை ஓடில்லா நத்தை தற்காப்புக்காகச் சுரக்கும் கோழையும் இதற்கு வழிகாட்டிகளாக ஆராயப்படுகின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கோழையைப் பின்பற்றி உருவாக்கிய பசையை 2017இல் அறிவித்தனர். இரத்தம் படிந்த நிலையிலும் அது பன்றியின் இதயத்தில் பற்றிக்கொண்டது. எலியின் கல்லீரல் கசிவையும் நிறுத்தியது. அவசரப்பிரிவில் தோல்காயம் மூடும் வழக்கமான பொருளாக அது இன்னும் வந்து சேரவில்லை.